எஞ்சினை நிறுத்தக்கூடாத ஞாயிறு

சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் வீட்டு வாசலில் இது தொடங்கியது. முடிந்தது ஏறக்குறைய எழுபது கிலோமீற்றருக்கு அப்பால், ஊன்ட்றொப் அம்மன் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில். அன்றைக்கு வானமும் நிலமும் ஒரே வெள்ளையாக இருந்தன. அதனால்தானோ என்னவோ, இப்போது நினைத்துப் பார்த்தால் விழித்திருந்து கண்டது எது, அரைத் தூக்கத்தில் கண்டது எது என்று எனக்கே சரியாகப் பிரிக்க முடிவதில்லை.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், தபால் எடுக்கக் கீழே இறங்கியவள் வாசலில் உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்த எலும்பு இனி உங்கள் கணவருடையதைவிட உறுதி என்று பகிடி விட்டார். ஆனால் அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். முதலில் பனி என்றாள். பனி உருகியதும் மழை என்றாள். கோடை வந்தபோது காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். உடற்பயிற்சி வகுப்புக்கு நான் எடுத்து வைத்த ஒவ்வொரு ரெர்மினையும், அதுதான் முன்பதிவு நேரத்தை, நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு ரத்துச் செய்தேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்து தெருவைப் பார்ப்பாள். பேச்சும் குறைந்துகொண்டே போனது.

நான் எதையும் எண்ணுகிறவன். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். இங்கே வந்து ஒரு பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணியே ஓய்வூதிய வயதுக்கு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு எனக்கு மிஞ்சியது அவள்தான். எத்தனை மாத்திரை போட்டாள், எத்தனை குவளை தண்ணீர் குடித்தாள், இரவு எத்தனை தரம் எழும்பினாள் என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கும். அவள் குசினிக்குப் போனால் ஒரு கையை நீட்டியபடி நானும் பின்னால் போவேன். வாசற்படியைத் தாண்டும்போது கவனம் என்பேன். கம்பளத்தின் ஓரத்தில் கவனம் என்பேன். அது அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அதை அன்பில்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிறு காலை, தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல அவள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கோயிலுக்குப் போவமே?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணம் பறந்துவிடும் என்று பயந்தேன். வெளியே மைனஸ் ஒன்பது. ஒரு வருடமாக வெயிலுக்குக்கூட இறங்காதவள், வருடத்தின் மிக மோசமான நாளைத் தெரிந்தெடுத்திருந்தாள். நான் சாவியை எடுத்தேன். நான் செருப்பைக் கழற்றிச் சப்பாத்து மாட்டுவதற்குள் அவள் சேலைக்கு மேல் நீல நிற மேலங்கியைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, கம்பளித் தொப்பியும் வைத்துக்கொண்டு வாசற்கதவுக்கு அருகிலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

சாவியைத் திருப்பினால், நாக்கை மேலண்ணத்தில் தட்டுவது போல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். டாஷ்போர்ட் விளக்குகள் ஒரு தரம் கண் சிமிட்டி மங்கின. கார் ஓடாதது பெரிய விஷயமில்லை. மேலே அவள் மேலங்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். கார் வராது என்று சொன்னால், சரி என்பாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அதோடு முடிந்தது. இன்னொரு தரம் அதை அவள் எடுத்துப் போடுவாளா என்பது எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா. இத்தனை வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது இந்தக் கிழமை வாசல் பனியைத் தள்ளும் முறை யாருடையது என்பதை மட்டுந்தான். அதிலும் நான்கில் மூன்று தரம் சண்டை. வீட்டு உடுப்புக்கு மேல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் சாவியைத் திருப்புவது என் படுக்கையறைக்குக் கேட்கிறது. ஏழு தரம்" என்றார்.

எட்டு என்று நான் திருத்தவில்லை. மனைவி கோயிலுக்குப் போகக் கேட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். வழமையாக அங்கே தெரியும் முகம் அன்றைக்கு இல்லை. அவருக்கு விளங்கியது. மறுபேச்சில்லாமல் போய்த் தன்னுடைய சின்னச் சிவப்புக் காரை எடுத்து வந்து என்னுடையதற்கு முகத்துக்கு முகமாக நிறுத்தி, பற்றரிக்குப் பற்றரி இரண்டு வயர்களை மாட்டினார். கார் இருமி, உதறி, உயிர் பெற்றது.

பிறகு விரலை நீட்டிப் புத்தி சொன்னார். கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடுகிற காரின் பற்றரி இப்படித்தான் ஆகுமாம். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் நன்றாக ஓட வேண்டுமாம். போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எஞ்சினை நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினால் அவர் பொறுப்பில்லை.

மேலே ஓடினேன். மேலங்கி அப்படியே இருந்தது. கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கவனம் சொல்லி இறக்கிக் காரில் இருத்தினேன்.

அந்தப் பயணத்தைத்தான் நான் கனவு மாதிரி என்று சொன்னேன். ஆட்டோபானில் வாகனங்கள் அதிகமில்லை. மூடுபனி தரையோடு படுத்திருந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் அடி தெரியவில்லை, நுனி மட்டும் வானத்தில் மிதந்தது. காற்றாலைகளின் ஒரு இறக்கை வெள்ளைக்குள் இருந்து மெதுவாக இறங்கி வந்து, பிறகு மெதுவாக ஏறி மறைந்தது. அடுத்த இறக்கை வருவதற்குள் நாங்கள் கடந்துவிடுவோம். மரங்களின் ஒவ்வொரு சுள்ளியிலும் உறைபனி பிடித்திருந்தது. பற்றரிக்குச் சுமை கூடாது என்று வானொலியை நான் போடவில்லை. சூடாக்கியையும் குறைத்துவிட்டேன். சில்லுகளின் சத்தம் மட்டுந்தான்.

"இந்த மரமெல்லாம் பூத்தமாதிரி எல்லே கிடக்குது" என்றாள் அவள்.

நான் எண்ணெய் முள்ளையும் வெப்பமானியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓம் என்றேன். பிறகுதான் பார்த்தேன். உண்மைதான், பூத்த மாதிரித்தான் இருந்தது. ஒரு வருடமாக இந்த உலகம் அவளுக்கு ஒரு ஜன்னல் அகலமாக இருந்தது. இப்போது நான்கு பக்கமும் திறந்து கிடந்தது. அவள் தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே வந்தாள்.

ஊன்ட்றொப்பில் கோயில் இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுற்றிவரக் களஞ்சியங்களும் கொம்பனிக் கட்டடங்களும். தூரத்தில் மின்நிலையக் கோபுரம். அன்றைக்கு அதெல்லாம் பனிக்குள் கரைந்து போயிருந்தது. தகரக் கூரைகளுக்கு மேலே எங்கள் கோபுரம் மட்டும் தன் நிறங்களோடு தனியே நின்றது. கோடைத் திருவிழாவில் கால் வைக்க இடமில்லாத தெருவில் ஒரு காகம் மட்டும் நடந்து போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சினை நிறுத்தக்கூடாது என்றால், யாராவது காருக்குள் இருக்க வேண்டும். நான் இருந்தால் அவளை யார் கொண்டுபோவது? காரை விட்ட இடத்தில் இருந்து கோயில் வாசல் எழுபது, எண்பது மீற்றர் இருக்கும். தரை முழுவதும் பளபளத்தது. நடுவில் மணல் தூவிய ஒரு ஒற்றையடிப் பாதை. ஓடுகிற காரை விட்டுப் போகலாமா, யாரையாவது கூப்பிடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்கள் இருங்கோ. நான் போட்டு வாறன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கதவு மூடிவிட்டது.

முன் கண்ணாடியூடாக அவளைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனாள். பிறகு நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மேலங்கியின் விளிம்பு ஆடியது தெரிந்தது. கால் நடுங்குகிறது என்று விளங்கியதும் என் கை கதவுப் பிடிக்குப் போனது. ஆனால் பற்றரியைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்து நின்றதும் சூடாக்கியின் காற்றாடியையும் நிறுத்தியிருந்தேன். என் மூச்சுக் காற்றால் கண்ணாடி வெள்ளையாக மங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்தேன், இன்னும் மோசமாகியது. காற்றாடியைப் போட்டு, கண்ணாடியில் ஒரு ஓட்டை தெளிந்து வருவதற்குள் அவள் பாதையில் இல்லை. விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால், வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கோயில் தொண்டர் ஒருவர் மஞ்சள் நிற மினுங்கும் அங்கியோடு காரடிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிகப் பணிவாக, "அண்ணை, எஞ்சினை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. பக்கத்துக் கொம்பனிக்காரர் புகையெண்டு குறை சொல்லுவினம்" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த காலத்தில் இருந்து, இப்படி ஒரு அங்கியைப் போட்டுக்கொண்டு யார் எதைச் சொன்னாலும் என் கை முதலில் கீழ்ப்படிந்துவிடும். மூளை பிறகுதான் வந்து சேரும். மூளை வந்து சேர்ந்தபோது சுற்றிவர முழு அமைதி. சாவியைத் திருப்பினேன். காலையில் கேட்ட அதே சின்னச் சத்தம்.

கதையைக் கேட்டதும் அந்தத் தொண்டர் தலையில் கை வைத்தார். தன்னுடைய வானை ஓட்டி வந்து வயர் போட்டுப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை. "அண்ணை, இது முடிஞ்சுது. புதுப் பற்றரிதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. வீதி உதவிச் சேவைக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தக் குளிரில் பாதி ஜெர்மனியின் பற்றரிகள் இன்று செத்திருக்கின்றன, இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று அங்கிருந்த பெண் சலிப்போடு சொன்னாள். தொண்டர் என்னை உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார். உதவி வண்டி என்னைக் காணாமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் போகவில்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லும்படி மட்டும் கேட்டு அனுப்பினேன்.

குளிர் மெல்ல மெல்லக் காருக்குள் வந்து உட்கார்ந்தது. என் மூச்சு கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைந்து, இறகு போலவும் பன்னச்செடிக் கீற்றுப் போலவும் வளர்ந்தது. வெளிச்சம் பால் நிறமாக மாறியது. உள்ளே பூசை மணி அடித்தது. தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது போல இருந்தது. நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். ஏதோ ஒன்றை எண்ணிக்கொண்டே போகிறேன். எண்கள் என் கையில் விழுந்து, எந்த எண் என்று பார்ப்பதற்குள் கரைகின்றன. அது எனக்குக் கவலையாக இல்லை. அப்படிக் கவலையில்லாமல் இருந்து எத்தனை காலம் என்று அந்தக் கனவுக்குள்ளேயே ஆச்சரியப்பட்டேன்.

கதவு திறந்தது. அவள்தான். ஒரு கையில் மூடி போட்ட தேநீர்க் குவளை.

பதறி எழும்பினேன். "எப்பிடி வந்தனீர்? ஆர் பிடிச்சுக்கொண்டு வந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மடைப்பள்ளியில் பூசணிக்காய் வெட்ட ஆள் போதவில்லையாம். இவளும் உட்கார்ந்து வெட்டினாளாம். யாருக்கோ பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம். யாரோ ஒருத்தி உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாளாம். நான் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு உறைந்த கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது. நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டா என்ரை கால் நடுங்குது. நீங்கள் கவனம், கவனம் எண்டேக்கை, நான் விழப்போறன் எண்டு உங்களுக்கு முதலே தெரிஞ்சமாதிரிக் கிடக்கும். காலமையும் அப்பிடித்தான் நிண்டிட்டன். கண்ணாடி மங்கி உங்கடை முகம் மறைஞ்சாப் பிறகுதான் நடந்தனான்."

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் அது பொய். ஒரு வருடம் பின்னாலேயே நடந்தவன் நான். மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். ஆனால் அவள் குற்றம் சாட்டுகிற குரலில் அதைச் சொல்லவில்லை. நெடுநாள் தேடிய ஒரு பொருள் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தவளின் குரல் அது. குவளையை வாங்கிக்கொண்டு, மிச்சத் தேநீரை அவள் குடித்தாள்.

உதவி வண்டி வந்தது. இறங்கியவள் ஒரு இளம் பெண். மூக்கு நுனி சிவந்திருந்தது. காலையில் இருந்து எத்தனையாவது பற்றரி என்பது தனக்கே மறந்துவிட்டது என்றாள். அளந்து பார்த்து, உள்ளே மின்கலம் ஒன்று செத்துவிட்டது, இதை உலகத்தைச் சுற்றி ஓட்டினாலும் ஏறாது என்றாள். இறுக்கிகளைக் கழற்றி, பழையதைத் தூக்கி நிலத்தில் வைத்தாள். வயர் நுனிகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளை ஒரு தூரிகையால் தேய்த்தாள். புதியதை இறக்கிப் பூட்டினாள். எஞ்சின் மூடியைச் சாத்தப் போகும்போது என் மனைவி காரில் இருந்து இறங்கி வந்தாள். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு நிமிடம் பொறுக்கும்படி கேட்டாள். எனக்கு விளங்கிவிட்டது. புது வாகனம் வாங்கினால் அம்மன் சந்நிதியில் வைத்துப் பொட்டு வைக்காமல் நாங்கள் ஓட்டுவதில்லை. இவளைப் பொறுத்தவரை புது இதயம் வைத்த வாகனமும் புது வாகனம்தான்.

சந்தனமும் எலுமிச்சம்பழமும் எடுக்கத் தனியே கோயிலுக்கு நடக்கத் தொடங்கினாள்.

கவனம் என்ற சொல் என் பற்களுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். பிறகு என் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, புதுப் பற்றரியில் ஒட்டியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வோல்ட். அமிலம், கவனம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். பின்னால் அவளுடைய சப்பாத்து மணலில் நறநறத்தது. தூரமாகி மறைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பி வரும் சத்தம். நடுவழியில் அது நின்றுவிட்டது.

என் கழுத்து நரம்பெல்லாம் பின்னால் இழுத்தது. பன்னிரண்டு வோல்ட். அமிலம். எழுத்துகள் நீந்தின. எனக்கு எதிரே நின்ற அந்தப் பெண் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ பொறுத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான்."

மீண்டும் நறநறத்தது. அருகில் வந்தது. என் மனைவி என்னைத் தாண்டிக் குனிந்து, புதுப் பற்றரியின் கறுப்பு உடம்பில் சந்தனத்தை வைத்தாள். குளிரில் அது விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஊதி ஊதி இளக்கி வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை முன் சில்லின் கீழ் வைத்தாள். அந்த இளம் பெண் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். உலோக முனையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு, பழம் எதற்கு என்று கேட்டாள். அதன் மேல் ஏற்றிப் போக வேண்டும் என்றேன். இதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று சிரித்தாள். மனைவி கோயிலில் இருந்து கொண்டுவந்து கொடுத்த பொங்கல் பொதியை வாங்கித் தன் வண்டியின் முன் இருக்கையில், சூடு வரும் இடம் பார்த்து வைத்தாள்.

கார் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. மின்சாரம் நின்று வந்ததால் அதன் நினைவெல்லாம் அழிந்திருந்தது. மணிக்கூடு பூச்சியங்களைக் காட்டியது. வேறொரு நாளென்றால் அதைச் சரிசெய்யாமல் நான் கியரைத் தொட்டிருக்கமாட்டேன். அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். திரும்பி வரும் வழியில் மூடுபனி இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அவள் பூசணிக்காய்க் கதையை இன்னொரு தரம், இன்னும் விரிவாகச் சொன்னாள். பிறகு பேச்சின் நடுவிலேயே தூங்கிவிட்டாள். நேரம் என்ன, எவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரியாமல் நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அதற்கடுத்த கிழமை அவள் தனியாகக் கீழே இறங்கித் தபால் எடுத்தாள். பிறகு தெருமுனைப் பேக்கரிவரை போனாள். இப்போது பனியில் கீழ்வீட்டு அம்மாவோடு கைகோத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். இருவருமாக என்னைப் பற்றி ஏதோ சிரித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவள் போகும்போது ஜன்னலடிக்கு ஓடச் சொல்லி என் கால்கள் இன்னமும் கெஞ்சுகின்றன. நான் குசினியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். ஒருவரைக் காப்பாற்ற அவரைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றே வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தேன். பார்க்காமல் இருப்பதற்கு அதைவிட எவ்வளவு அதிகமான அன்பு வேண்டியிருக்கிறது என்பதை, வாசலில் அவள் காலடிச் சத்தம் தேய்ந்து மறையும் ஒவ்வொரு காலையிலும் நான் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.